ஸ்லாட்டுக்குப் பின்னால் ஓடும் செம்பு

ஸ்ரீபெரும்புதூரில் டெல் நிறுவனம் தன் கணினி ஆலையைத் திறந்தது 2007இல். அதற்குள் ஒரு சண்டை முடிந்து, தூசியும் அடங்கியிருந்தது. அந்தக் காலத்து டெஸ்க்டாப்பில் கிராபிக்ஸ் கார்டுக்கென்று ஒரு ஸ்லாட் இருந்தால் அது பி.சி.ஐ எக்ஸ்பிரஸ்தான். அதைப் பற்றி யாரும் யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. ஆலைகள் முடிவாகிவிட்ட விஷயத்தைத்தான் லட்சக்கணக்கில் செய்யும். முடிவாகாத விஷயத்தோடு மல்லுக்கட்டுவது கடைத்தெருவின் பாடு.

அதற்கு மூன்று வருடம் முன்பு, ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் பெங்களூர் நெடுஞ்சாலை சென்னைக்குள் வந்து சேர்ந்த பிறகு, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் அந்த மல்லுக்கட்டு நடந்தது. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வந்தவருக்குக் கொட்டேஷன் தாளின் இரண்டாவது வரியே வம்பு: எந்த போர்டு? 2004 ஜூனில் இன்டெல் 915, 925எக்ஸ் என்ற இரண்டு சிப்செட்களை வெளியிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் புரட்டிப் போட்டிருந்தது. ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் 478இலிருந்து 775 ஆனது. மெமரி டி.டி.ஆர்.2 பக்கம் நகர ஆரம்பித்தது. 1997 முதல் கிராபிக்ஸ் கார்டுகளின் வீடாக இருந்த ஏ.ஜி.பி ஸ்லாட் காணாமல் போய், அந்த இடத்தில் நீளமான பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வந்து உட்கார்ந்தது. ஏ.ஜி.பி கார்டு இதில் நுழையாது, இந்தக் கார்டு அதில் நுழையாது.

பழைய 865 போர்டை வாங்கினால் கையில் இருக்கும் கார்டும் மெமரியும் பிழைக்கும். ஆனால் இரண்டு வருடம் கழித்துப் புதுக் கார்டு வாங்கப் போனால் கிடைக்குமோ கிடைக்காதோ. புது 915ஐ வாங்கினால் நாளைக்கு நல்லது, இன்றைக்குப் பர்ஸ் காலி.

இதற்கு நடுவில் ஓர் எழுத்துப் பொறி வேறு. இன்டெல் சிப்செட் பெயரின் கடைசியில் 'ஜிவி' என்று இருந்தால் அதில் கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கான வழியே கிடையாது. 845ஜிவி, 865ஜிவி இரண்டிலும் ஏ.ஜி.பி இல்லை. 915ஜிவி.யில் கிராபிக்ஸுக்கான பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் இல்லை. விலை குறைவு என்பதால் அலுவலகங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் இவை நிறையப் போயின. பின்னாளில் பையன் கேம் விளையாடக் கார்டு கேட்டபோது மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு, ஸ்லாட் இருந்திருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பலகை மட்டும் தெரிந்தது. மாற்றக் காலத்தில் எது புதியது, எது பழையது என்பதைவிட எது இல்லவே இல்லை என்று பார்ப்பது முக்கியம் என்பேன்.

சரி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏ.ஜி.பி.யை ஏன் தூக்கினார்கள்? வியாபாரத் தந்திரம் என்று அன்றைக்குப் பலரும் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் அடியில் இருந்த காரணம் வேறு. அதைப் பார்க்க ஒரு விசித்திரமான கேள்வி கேட்க வேண்டும்: ஒரு பிட் எவ்வளவு நீளம்?

மதர்போர்டு என்பது கண்ணாடி இழையும் எபாக்ஸி பிசினும் சேர்ந்த பலகை. அதற்குள் பல அடுக்குகளில் செம்புக் கோடுகள் ஓடுகின்றன. அந்தக் கோட்டில் மின் சமிக்ஞை ஒளியின் வேகத்தில் ஏறத்தாழப் பாதி வேகத்தில் போகும். ஒரு நானோ நொடிக்கு, அதாவது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கு, 15 சென்டிமீட்டர். ஒரு பிட் கோட்டின் வாயில் எத்தனை நேரம் நிற்கிறதோ, அந்த நேரத்தை இந்த வேகத்தால் பெருக்கினால் செம்பின் மேல் அந்தப் பிட் பிடிக்கும் நீளம் கிடைத்துவிடும்.

1992இல் வந்த பழைய பி.சி.ஐ.யின் துடிப்பு 33 மெகாஹெர்ட்ஸ். ஒரு பிட் 30 நானோ நொடி நிற்கும். நீளம் நாலரை மீட்டர். பெரிய ஏ.டி.எக்ஸ் போர்டின் நீளமே ஓர் அடிதான். ஆகவே பிட் கிளம்பிய மறுகணமே போர்டு முழுவதும் பரவிவிடும். கோடு ஒரு அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. சவுண்டு கார்டு, நெட்வொர்க் கார்டு, ஹார்டு டிஸ்க் எல்லாம் ஒரே 32 கோடுகளைப் பங்கு போட்டுக்கொண்டன. மொத்தமே நொடிக்கு 133 மெகாபைட்.

முப்பரிமாண விளையாட்டுகள் வந்ததும் அது போதவில்லை. 1997இல் இன்டெல் 440எல்எக்ஸ் சிப்செட்டோடு ஏ.ஜி.பி வந்தது. கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் தனிப்பாதை, 66 மெகாஹெர்ட்ஸ். பிறகு ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் இரண்டு முறை, நான்கு முறை, கடைசியில் எட்டு முறை தரவை அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். ஏ.ஜி.பி 8எக்ஸ் என்பது நொடிக்கு 2.1 ஜிகாபைட். இந்த வேகத்தில் ஒரு பிட்டின் நீளம் 28 சென்டிமீட்டர். போர்டின் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரகடத்தில் ஷிப்டு முடிந்து 32 கம்பெனி பஸ்கள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். அத்தனையும் தாம்பரத்தில் ஒரே நொடியில் வந்து நிற்க வேண்டும் என்று விதி. ஒரு பஸ் படப்பை நெரிசலில் மாட்டினால் மற்ற 31 பஸ்களின் பயணமும் வீண். ஏ.ஜி.பி.யின் 32 தரவுக் கோடுகளும் அப்படித்தான். ஒன்று வளைந்து போவதால் சற்று நீளம், ஒன்றின் முனையில் சிப்பின் உள்ளே கொஞ்சம் தாமதம், ஒன்றின் மேல் பக்கத்துக் கோட்டின் தொந்தரவு. பிட் நாலரை மீட்டர் நீளம் இருந்தபோது இந்த வித்தியாசங்கள் மறைந்துபோயின. அது ஒரு சாணுக்குச் சற்று கூடுதல் என்று ஆனபோது ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கில் வந்தது. இன்னொரு மடங்கு வேகம் கேட்டால் 32 கோடுகளையும் ஒத்து நடக்கவைப்பது விலைக்குக் கட்டாது.

பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் அந்த விதியையே தூக்கிப் போட்டது. ஒவ்வொரு பஸ்ஸும் தன் நேரச் சீட்டைத் தானே எடுத்துப் போகட்டும், வந்து சேர்ந்தபின் வரிசைப்படுத்திக்கொள்ளலாம் என்றது. தரவுக்கும் கடிகாரத்துக்கும் தனித்தனிக் கோடு இல்லை. எட்டு பிட்களைப் பத்து பிட்களாக மாற்றி அனுப்புவார்கள். அப்படி மாற்றும்போது பூஜ்யமும் ஒன்றும் போதுமான அளவு அடிக்கடி மாறி மாறி வரும்படி பார்த்துக்கொள்வார்கள். வாங்கும் சிப் அந்த ஏற்ற இறக்கத்திலிருந்தே தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். ஐந்தில் ஒரு பங்கு வேகம் இதற்கே செலவு, ஆனாலும் லாபம்தான். ஒரு பிட்டுக்கு ஒரு கோடு அல்ல, ஒரு ஜோடி. ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஒரே மாதிரி தொடும் என்பதால், வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் சிப்புக்கு அது கேட்காது. போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி. இதுதான் ஒரு லேன். முதல் பதிப்பில் ஒரு லேனுக்குத் திசை ஒன்றுக்கு நொடிக்கு 250 மெகாபைட். கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கு 16 லேன்கள், ஆக 4 ஜிகாபைட். பிட்டின் நீளம் 6 சென்டிமீட்டர்.

ஏ.ஜி.பி, பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் இரண்டிலும் ஒரே மனிதரின் கை உண்டு. வடோதராவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்து, 1990இல் இன்டெலில் சேர்ந்த அஜய் பட். யூ.எஸ்.பி.யின் தந்தை என்று உலகம் அவரைத்தான் சொல்கிறது. தான் வளர்த்ததைத் தானே ஓய்வுக்கு அனுப்பும் வாய்ப்பு எல்லாப் பொறியாளருக்கும் கிடைக்காது.

இத்தனையும் சொல்லிவிட்டு ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். 2004இல் இந்தப் புதுப் பாதையால் எந்த விளையாட்டும் பெரிதாக வேகம் கூடிவிடவில்லை. அன்றைய கார்டுகள் ஏ.ஜி.பி 8எக்ஸையே முழுதாக நிரப்பவில்லை. போர்டு வாங்குகிறவரின் கவலை வேகம் அல்ல, நாளைக்குக் கார்டு கிடைக்குமா என்பதுதான். அந்தக் கவலையை வைத்துத்தான் கலப்பின போர்டுகள் வந்தன.

இரண்டு ஸ்லாட்டும் ஒரே போர்டில். கேட்கவே தித்திப்பாக இருக்கும். ஈ.சி.எஸ் நிறுவனத்தின் 915பி-ஏ போர்டில் பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுக்குத் துணையாக ஓர் ஏ.ஜி.பி ஸ்லாட்டும் இருந்தது. பெயர் 'ஏ.ஜி.பி எக்ஸ்பிரஸ்'. ஆனால் 915 சிப்செட்டில் ஏ.ஜி.பி.க்கான சுற்றே கிடையாதே, பிறகு அந்த ஸ்லாட்டின் கோடுகள் எங்கே போயின? பழைய பி.சி.ஐ பாதைக்கு. வாய் ஏ.ஜி.பி வாய், வயிறு 133 மெகாபைட் வயிறு. பயோஸ்டார் இதே வித்தைக்கு 'எக்ஸ்.ஜி.பி' என்றும், எம்.எஸ்.ஐ 'ஏ.ஜி.ஆர்' என்றும் பெயர் வைத்தன. கார்டு பொருந்தும், படம் வரும், ஆனால் எல்லாக் கார்டும் ஒத்துவராது, வேகம் படுத்துவிடும். விற்றவர் பொய் சொல்லவில்லை, ஸ்லாட்டைக் காட்டினார். கேட்டவர் ஸ்லாட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை.

அதே காலத்தில் நேர்மையான ஒரு போர்டும் இருந்தது. 2005இல் ஏஸ்ராக் வெளியிட்ட 939டூயல்-சாட்டா2. ஏ.எம்.டி.யின் அத்லான் 64 ப்ராசஸருக்கானது. யு.எல்.ஐ என்ற தைவான் நிறுவனத்தின் இரண்டு சிப்கள் அதில் இருந்தன. ஒன்று 16 லேன் பி.சி.ஐ எக்ஸ்பிரஸைக் கொடுத்தது, மற்றது முழுமையான ஏ.ஜி.பி 8எக்ஸைக் கொடுத்தது. இரண்டும் நிஜம். இது எப்படி முடிந்தது என்றால், அத்லான் 64இல் மெமரியைக் கட்டியாளும் வேலை ப்ராசஸருக்குள்ளேயே போய்விட்டது. போர்டில் இருக்கும் சிப்களை ஹைப்பர்டிரான்ஸ்போர்ட் என்ற வேகமான இணைப்பில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிடலாம். இன்டெல் பக்கம் மெமரியும் கிராபிக்ஸும் ஒரே நார்த்பிரிட்ஜ் சிப்பில் பிணைந்திருந்தன. அந்தச் சிப்பில் இல்லாத வழியைப் போர்டு செய்பவர் வரவழைக்க முடியாது. விலை மலிவாகவும் இருந்த அந்த ஏஸ்ராக் போர்டில் மஞ்சள் நிறத்தில் இன்னொரு விநோத ஸ்லாட்டும் உண்டு. வருங்காலத்தில் வேறு சாக்கெட் ப்ராசஸர் வந்தால் ஒரு தட்டில் வைத்து அதில் செருகிக்கொள்ளலாமாம். அந்தத் தட்டையும் பிறகு விற்கத்தான் செய்தார்கள்! யு.எல்.ஐ.யை மட்டும் 2006இல் என்விடியா வாங்கிக்கொண்டது.

கார்டு செய்கிறவர்கள் வேறு வழி பிடித்தார்கள். என்விடியா ஒரு பால சிப் செய்தது. ஏ.ஜி.பி.க்கென்று பிறந்த கிராபிக்ஸ் சிப்போடு அதை வைத்தால் பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் கார்டு தயார். அதே பால சிப்பை எதிர்த்திசையில் பயன்படுத்தி, பி.சி.ஐ எக்ஸ்பிரஸுக்கென்று பிறந்த ஜீஃபோர்ஸ் 6600 ஜிடி.யை ஏ.ஜி.பி கார்டாகவும் விற்றார்கள். ஏ.டி.ஐ தன் பங்குக்கு ரியால்டோ என்ற பாலத்தைச் செய்தது. இதன் விளைவு, ஏ.ஜி.பி செத்துவிட்டது என்று 2004இல் சத்தியம் செய்தவர்களுக்குச் சங்கடமாகப் போனது. 2008இல்கூட ரேடியான் எச்.டி 3850 ஏ.ஜி.பி வடிவத்தில் வந்தது. அந்தக் குழப்பத்தில் பழைய போர்டோடு சும்மா இருந்தவர்கள்தான் அதிகம் மிச்சப்படுத்தினார்கள் என்பது என் கணிப்பு.

ஸ்லாட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்க முடியும். இன்றைய போர்டு ஒன்றைக் கையில் எடுத்து, நீளமான கிராபிக்ஸ் ஸ்லாட்டின் பக்கத்தில் மொபைல் டார்ச்சை அடித்துப் பாருங்கள். மணல் துகள் போலப் பழுப்பு நிறத்தில் சிறு கட்டிகள் ஜோடி ஜோடியாக வரிசையில் நிற்கும். மின்தேக்கிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் நீளம் இருந்தால் அதிகம். லேன் ஒன்றுக்கு இரண்டு, 16 லேனுக்கு 32. கார்டை நோக்கிப் போகும் ஜோடிகளுக்கான தேக்கிகள் இவை. திரும்பி வரும் ஜோடிகளுக்கானவை கார்டிலேயே இருக்கும். மாறும் சமிக்ஞையை விட்டு, மாறாத மின்னழுத்தத்தைத் தடுப்பது இவற்றின் வேலை. அதனால்தான் வேறு வேறு மின்னழுத்தத்தில் வேலை செய்யும் இரண்டு சிப்கள் சண்டையில்லாமல் பேசிக்கொள்கின்றன. ஏ.ஜி.பி காலத்தில் 3.3 வோல்ட் கார்டு, 1.5 வோல்ட் கார்டு என்று ஸ்லாட்டில் வெட்டு இடம் மாறும். வெட்டைத் தப்பாகப் போட்டு வந்த சில கார்டுகள் போர்டையே பொசுக்கியதும் உண்டு.

இந்தத் துகள்களைக் கை வைத்து ஒட்ட முடியாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மின்னணு ஆலைகளில் எஸ்.எம்.டி லைன் என்று சொல்வது இதற்கான வரிசையைத்தான். தகட்டில் வெட்டிய துளைகள் வழியாகப் பலகையில் ஈயமில்லாத சால்டர் பசையை இழுப்பார்கள். ரீலில் சுற்றி வரும் உதிரிகளை எந்திரம் உறிஞ்சி எடுத்து இடத்தில் வைக்கும். பிறகு அடுப்பு, உச்சத்தில் 240 டிகிரி செல்சியஸ் வாக்கில். கடைசியில் கேமரா. ஒரு முனையில் பசை முன்னதாக உருகினால் தேக்கி நட்ட கல்லைப்போல எழுந்து நின்றுவிடும். கேமரா அதைப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதில்தான் வேடிக்கை. கம்ப்யூட்டர் நின்றுபோகாது. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் ப்ராசஸரும் கார்டும் எத்தனை லேன் நன்றாக இருக்கிறது என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்யும். ஒன்று பழுது என்றால் 16ஐ விட்டு 8க்கோ அதற்கும் கீழேயோ இறங்கி வேலையைத் தொடரும். படம் வரும். உரிமையாளருக்கு விஷயமே தெரியாது, ஜி.பி.யூ-இசட் போன்ற மென்பொருளைத் திறந்து பார்த்தால் ஒழிய.

ஸ்லாட்டுக்குள் இருக்கும் தங்கநிறப் பின்களையும் பாருங்கள். பல போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட்டும் முதலாவதைப் போல முழு நீளம் இருக்கும். உள்ளே நான்கு லேனுக்கான பின்கள்தான் இருக்கும், மிச்சம் வெறும் பிளாஸ்டிக். ஏ.ஜி.பி எக்ஸ்பிரஸின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம்.

மாற்றக் காலம் அதன் பிறகும் ஓயவில்லை, வடிவம் மாறாததால் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். ஸ்லாட் இருபது வருடமாக அதே ஸ்லாட். உள்ளே ஓடும் வேகம் மட்டும் பதிப்புக்குப் பதிப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. 2019இல் ரைசன் 3000 ப்ராசஸரோடு 4.0 பதிப்பு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தபோது, பழைய பி450, எக்ஸ்470 போர்டுகள் சிலவற்றில் பயாஸை மட்டும் மாற்றி அந்த வேகத்தை ஓடவிட்டார்கள். ஓடியது. ஆனால் ஏ.எம்.டி அதை அடுத்த பயாஸில் பிடுங்கிக்கொண்டது. பழைய பலகையில் கோடுகள் அந்த வேகத்துக்கென்று போடப்பட்டவை அல்ல. ஒரு போர்டில் ஓடும், இன்னொன்றில் தடுமாறும். வாங்கினவர்கள் கத்தினார்கள். ஏ.எம்.டி செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது, அதற்கான காரணம் பிட்டின் நீளத்தில் இருக்கிறது. 4.0இல் ஒரு பிட் செம்பில் பிடிக்கும் இடம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. இத்தனை வேகமாக ஏறி இறங்கும் சமிக்ஞையின் பலத்தைப் பலகையின் பிசினே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும். நல்ல பிசின் விலை அதிகம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி இருந்தது. 2022 ஜனவரியில் வந்த ரேடியான் ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டில் நான்கே லேன்கள். 4.0 போர்டில் போட்டால் சமாளிக்கும். பழைய 3.0 போர்டில் போட்டால் பாதை பாதியாகி விளையாட்டு திணறும். மலிவுக் கார்டைத் தேடுகிறவர் கையில்தான் பழைய போர்டு இருக்கும் என்பதை வடிவமைத்தவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை. இப்போது 5.0 காலம். ஏ.எம்.டி.யின் பி650 என்றால் கிராபிக்ஸ் ஸ்லாட் 4.0 ஆக இருக்கலாம், பி650இ என்றால்தான் 5.0 உறுதி. மறுபடியும் ஓர் எழுத்து. ஆனால் 5.0ஐப் பயன்படுத்தும் ஜீஃபோர்ஸ் 50 வரிசைக் கார்டுகள் வந்ததே 2025 ஜனவரியில்தான். அவற்றிலும் 4.0, 5.0 வித்தியாசம் விளையாட்டில் மிகச் சொற்பம். அந்த ஓர் எழுத்துக்கான காசை மெமரியில் போடுவதே மேல்.

கிராபிக்ஸ் கார்டுக்காகப் பேர்போன இந்தப் பாதை, கிராபிக்ஸ் கார்டே இல்லாத பொருளில் அதிகம் ஓடுகிறது என்பது இந்தக் கதையின் விசித்திரம். 2004இன் 775 சாக்கெட்டுகள் பலவற்றின் உலோகச் சட்டத்தில் ஃபாக்ஸ்கான் என்று பொறித்திருக்கும். 1974இல் தைவானில் டி.வி. குமிழ்கள் செய்யத் தொடங்கிய நிறுவனம், சாக்கெட்டும் கனெக்டரும் செய்து வளர்ந்தது. இன்று அதன் ஆலை சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் செய்கிறது. 2015இன் 6எஸ் மாடலிலிருந்து ஐபோனின் சேமிப்புச் சிப் ப்ராசஸரோடு பேசுவது பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் வழியாகத்தான். ஸ்லாட் இல்லை, தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. இரண்டு சிப்களுக்கு நடுவே சில மில்லிமீட்டர் செம்பு.

அந்தக் குறுகிய தூரம் நல்லதுதான். 5.0இல் ஒரு பிட்டின் நீளம் 4.7 மில்லிமீட்டர். ப்ராசஸரிலிருந்து ஸ்லாட்டுக்கு 10 சென்டிமீட்டர் என்றால், முதல் பிட் போய்ச் சேரும்போது அதன் பின்னால் இருபது பிட்கள் ஏற்கெனவே வழியில் இருக்கின்றன. 2022இல் வந்த 6.0 பதிப்பில் வேகம் மறுபடி இரட்டித்தது, ஆனால் நீளத்தைக் குறைக்கவில்லை. செம்பு அதற்கு மேல் ஒத்துழைக்காது என்று, உயரத்தைப் பிரித்தார்கள். இரண்டு மின்னழுத்த நிலைகளுக்குப் பதில் நான்கு. ஒவ்வொரு 4.7 மில்லிமீட்டரிலும் ஒன்றுக்குப் பதில் இரண்டு பிட்கள். நிலைகள் நெருங்கிவிட்டதால் பிழை கூடும். ஆகவே பிழை திருத்தும் பிட்களையும் கூடவே அனுப்புகிறார்கள். 2025 ஜூனில் வந்த 7.0 அந்த நீளத்தையும் பாதியாக்கி 2.3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்திருக்கிறது. செம்புக்குப் பதில் ஒளியிழையில் அனுப்புவதற்கான விதிகளையும் அதே மாதம் சேர்த்தார்கள்.